இந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

மேசையின்மீது ஒரு பழைய துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழவழப்பாக இழைத்த வாதுமை மரக்கட்டை, கருநீல மெருகேறிய குழல். பார்த்தவுடன் வேட்டைக்காரர் ஒருவரின் துப்பாக்கி என்று சொல்லிவிடலாம். ஆனால் குழல் வந்து பொருந்தும் எஃகு வளையத்தின் மேல் 'மௌசர், ஓபர்ன்டார்ஃப், 1916' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. ஆகவே இது முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போர்வீரன் ஒருவனுக்காகச் செய்யப்பட்டது. போருக்குப் பிறகு யாரோ இதை வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருக்கிறார்கள். யார் மாற்றினார், எப்போது மாற்றினார், எதையெதை மாற்றினார் என்பதற்கு எழுத்துச் சான்று ஏதும் இல்லை. இப்போது நம்முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குரிய தோட்டா எது?

"1916-இல் செய்த ஜெர்மன் மௌசர்தானே? 7.92 மில்லிமீட்டர் தோட்டா. இதில் என்ன சந்தேகம்?" என்று விவரம் தெரிந்தவர் சொல்லக்கூடும். அந்தத் தோட்டாவை எடுத்துப் போட்டால் உள்ளே போகவும் செய்யும், தாழும் மூடிக்கொள்ளும். ஆயினும் அந்த விடை தவறாக இருக்கலாம். அந்தத் தவறுக்கு விலை, சுடுபவருடைய கண்ணாகவோ கையாகவோ இருக்கலாம். ஒரு பொருளின்மீது பொறித்திருக்கும் பெயரை நம்புவதா, பொருளையே அளந்து பார்ப்பதா என்ற அறிவியலின் அடிப்படைக் கேள்வி இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

தோட்டாவும் அதன் அறையும்

முதலில் தோட்டாவின் அமைப்பைப் பார்ப்போம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, உறைக்குள் வெடிமருந்து, உறையின் வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. உறை ஒரு சிறிய பாட்டில் போன்றது. அதற்கு உடல், சரிந்த தோள், குறுகிய கழுத்து என மூன்று பகுதிகள் உண்டு. குழலின் பின்முனையில், இந்த உறைக்கு அச்சு வார்த்தாற்போலக் குடைந்திருக்கும் இடமே தோட்டா அறை.

தோட்டாவுக்குப் பெயரிடும்போது ஐரோப்பியர் இரண்டு எண்களைச் சொல்வர். '8×57' என்றால் குழல் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர், உறையின் நீளம் 57 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களும் சரியாக இருந்தாலும்கூட எல்லாம் சொல்லியாயிற்று என்று கருதிவிட முடியாது என்பதைப் பின்னர் காண்போம்.

மருந்து எரியும்போது அறைக்குள் எழும் அழுத்தம் எவ்வளவு? இன்றைய ஐரோப்பிய விதிப்படி, கூர்முனைக் குண்டுள்ள 8×57 தோட்டாவுக்கு உச்ச வரம்பு 3900 பார். உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ள அழுத்தத்தைப் போல இது மூன்றரை மடங்கு. மெல்லிய பித்தளை இதைத் தாங்குமா? தனியே தாங்காது. அது விரிந்து அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. தாங்குவது எஃகு, வாயு பின்னால் கசியாமல் அடைப்பது பித்தளை. உறைக்கும் அறைக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் பித்தளைக்குத் துணை இல்லை. அது நீண்டு கிழியும். கிழிந்தால் கொதிக்கும் வாயு பின்னோக்கிப் பாயும். பின்னால் இருப்பது சுடுபவரின் முகம்.

ஒரே பெயர், இரண்டு குண்டுகள்

இனி வரலாற்றுக்கு வருவோம். 1884-இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் புகை குறைந்த வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886-இல் பிரெஞ்சுப் படை அதற்கேற்ற லெபெல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. பின்தங்கிவிட்ட ஜெர்மனி அவசரமாக ஒரு குழுவை அமர்த்தி, 1888-இல் தன் புதிய துப்பாக்கியையும் தோட்டாவையும் கொண்டுவந்தது. அந்தத் தோட்டாவின் உறை 57 மில்லிமீட்டர். உருண்ட முனையுள்ள குண்டின் எடை 14 கிராமுக்கு மேல்; குறுக்களவு 8.08 மில்லிமீட்டர். பத்தாண்டுகளுக்குப் பின், 1898-இல், பால் மௌசரின் புகழ்பெற்ற துப்பாக்கி வந்தது. அதுவும் இதே தோட்டாவைத்தான் சுட்டது.

1905 முதல் ஜெர்மானியர் கூர்முனைக் குண்டுக்கு மாறினர். அதன் எடை சுமார் 10 கிராம்தான். வினாடிக்குச் சுமார் 630 மீட்டராக இருந்த வேகம் ஏறக்குறைய 880 மீட்டராக உயர்ந்தது. இத்துடன் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது: குண்டின் குறுக்களவு 8.2 மில்லிமீட்டர் ஆயிற்று. ஆனால் தோட்டாவின் பெயர் மட்டும் மாறவில்லை!

காரணம் இதுதான். துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலச் செய்வதற்காகச் சுருள்சுருளாகக் காடிகள் வெட்டியிருப்பார்கள். காடிகளுக்கு நடுவே மேடுகள் இருக்கும். 7.92 என்பது எதிரெதிர் மேடுகளுக்கு இடையே உள்ள அளவு. ஜெர்மானியர் காடிகளை மட்டும் ஆழமாக்கினர், மேடுகளைத் தொடவில்லை. ஆகவே பெயர் பழையபடியே நின்றது. இரண்டு குண்டுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 0.12 மில்லிமீட்டர். ஒரு தாளின் கனம் அவ்வளவுதான். ஆனால் பழைய குறுகிய குழலில் புதிய பெரிய குண்டைச் சுட்டால், அது நெருக்கிக்கொண்டு புகுவதற்குள் பின்னால் அழுத்தம் வரம்பு மீறி ஏறிவிடும்.

ஜெர்மானியப் படையினர் இதை நன்கு அறிந்திருந்தனர். புதிய தோட்டாவுக்கு ஏற்றவாறு திருத்திய பழைய துப்பாக்கிகளில் 'எஸ்' என்ற எழுத்தைப் பொறித்தனர். வேட்டைத் துப்பாக்கி செய்தவர்களோ பல ஆண்டுகள் பழைய அளவையே தொடர்ந்தனர். இதனால் வெளியே '8×57' என்றே பொறித்த துப்பாக்கிகளில் இரண்டு வகைக் குழல்கள் உலவின. போதாக்குறைக்கு எழுத்துக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. காலாட்படையைக் குறிக்க ஜெர்மானியர் இட்ட 'ஐ' என்ற எழுத்து, அவர்களுடைய பழைய எழுத்து வடிவில் 'ஜே' போலவே இருக்கும். ஆங்கிலம் பேசுவோர் அதை 'ஜே' என்றே படித்தனர். அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. அமெரிக்க விதிகளில் இந்தத் தோட்டாவுக்கான அழுத்த வரம்பு சுமார் 2400 பார் மட்டுமே. பழைய குறுகிய குழல்கள் எவர் கையிலாவது இருக்கக்கூடும் என்ற அச்சமே அந்தக் குறைந்த வரம்புக்குக் காரணம்.

போர்வீரன் வேட்டைக்காரன் ஆகிறான்

ராணுவத் துப்பாக்கியை வேட்டைக்கு ஏற்ப மாற்றுவது புதிய பழக்கமன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைத் தமக்கேற்ற கட்டையுடன் செய்வித்து, 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துச் சென்றார். இரண்டு உலகப் போர்கள் முடிந்ததும் தேவைக்கு மிஞ்சிய துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் மலிவாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும்வரை இந்த வணிகம் பெருகியிருந்தது. வாங்கியவர்கள் நீண்ட மரக்கட்டையை அறுத்துக் குறைத்தார்கள், ஈட்டி மாட்டும் கொக்கியைக் கழற்றினார்கள், எஃகை மெருகேற்றினார்கள். மெருகேற்றும்போது பழைய முத்திரைகளும் சேர்ந்தே அழிந்தன. சிலர் குழலையே மாற்றினர். சிலர் குழலை விட்டுவிட்டு அறையை மட்டும் வேறு தோட்டாவுக்காகக் குடைந்தனர்.

ஜெர்மனியில் இந்த மாற்றத்துக்கு ஓர் அரசியல் காரணமும் இருந்தது. 1919-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின்னர், ராணுவத் தோட்டாவைக் குடிமக்கள் பயன்படுத்தத் தடைகள் வந்தன. துப்பாக்கிச் சாலைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். அறையை 3 மில்லிமீட்டர் நீளமாகக் குடைந்தால் அது 8×57 அன்று, 8×60! சட்டத்தின் கண்ணுக்கு அது வேறு துப்பாக்கி. மேலே பொறித்த ஆண்டும் ஊரும் பழையவை. உள்ளே இருக்கும் அறை மட்டும் புதியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்தது இன்னும் விசித்திரம். ஜெர்மானியர் நார்வேயில் விட்டுச் சென்ற மௌசர் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு நார்வே நாட்டார் அமெரிக்கத் தோட்டாவுக்கேற்ற குழலைப் பொருத்தி, '7.62' என்று பொறித்தனர். அந்தத் தோட்டாவின் உறை 63 மில்லிமீட்டர். இஸ்ரேல் நாடு தன்னிடமிருந்த அதே வகை மௌசர்களுக்கு 1950-களில் நேட்டோ தோட்டாவுக்கேற்ற குழலைப் பொருத்தி, அதுவும் '7.62' என்றே பொறித்தது. அதன் உறை 51 மில்லிமீட்டர். துப்பாக்கி ஒன்று, முத்திரை ஒன்று; தோட்டாக்களோ இரண்டு. நீளத்தில் 12 மில்லிமீட்டர் வேறுபாடு.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் .303 அங்குலத் தோட்டா ராணுவத்துக்கு உரியது, குடிமக்களுக்கு இல்லை. ஆகவே அதே லீ வகைத் துப்பாக்கியை .315 அங்குலத் தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்து விற்றனர். அந்தத் தோட்டா ஆஸ்திரியப் படையின் 8×50 தோட்டாதான். விடுதலைக்குப் பின்னரும் .315 வேட்டைத் துப்பாக்கிகள் மேற்கு வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் உருவாயின. அதே தொழிற்சாலை 1960-களில் பழைய .303-இன் சாயலிலேயே நேட்டோ தோட்டாவைச் சுடும் ராணுவத் துப்பாக்கியையும் செய்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடன்பிறப்புகள் போல முகஜாடை ஒத்திருக்கும். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு உதவாது.

உள்ளே போனால் போதுமா?

'பொருந்தாத தோட்டா உள்ளே போகாதே' என்று வாசகர்கள் நினைக்கலாம். நீளமான தோட்டா குட்டையான அறையில் போகாது என்பது உண்மை. அங்கே எஃகே நம்மைக் காப்பாற்றும். ஆனால் குட்டையான தோட்டா நீளமான அறையில் தாராளமாகப் போகும். மேலும் மௌசர் 8×57, 8×60, அமெரிக்க 7.62×63, நேட்டோ 7.62×51 ஆகிய எல்லாவற்றுக்கும் உறையின் அடிப்புறம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர்தான். ஆகவே தாழின் முகத்தைப் பார்த்து இன்ன தோட்டா என்று சொல்ல முடியாது. தாழிலுள்ள கொக்கி உறையைப் பிடித்துக்கொள்ளும், ஊசி தட்டும், தோட்டா வெடிக்கும். அதன் பிறகுதான் தவறு தெரியவரும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்க ராணுவத்தின் ஆயுதத் துறையில் பணியாற்றிய ஜூலியன் ஹாட்சர், ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகள் சிதறிய விபத்துகளை ஆராய்ந்து, 1947-இல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார். 7.8 மில்லிமீட்டர் குண்டுக்கான குழலில் 8.2 மில்லிமீட்டர் குண்டுள்ள ஜெர்மானியத் தோட்டாவைச் சுட்டது அந்த விபத்துகளின் காரணங்களுள் ஒன்று. இன்னொரு காரணமும் சிந்திக்கத்தக்கது. அந்தக் காலத்தில் எஃகு போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைப் பார்த்தே தீர்மானித்தனர். கருவி கொண்டு அளந்தபோது, வெயில் பளிச்சிடும் நாளில் 'சரியான சூடு' என்று தோன்றியது, மேகமூட்டமான நாளில் தோன்றியதைவிட 165 செல்சியஸ் பாகை வரை கூடுதலாக இருந்தது தெரிந்தது. மிதமிஞ்சிக் காய்ந்த எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. பழுத்த அனுபவம் உள்ள கண்ணும் ஏமாந்துவிட்டது!

தப்பியவர்களும் உண்டு. ஜப்பானிய 6.5 மில்லிமீட்டர் அரிசாகா துப்பாக்கி ஒன்றின் அறையை மட்டும் அமெரிக்கத் தோட்டாவுக்குக் குடைந்து, குழலை அப்படியே விட்டிருந்தார் ஒருவர். 7.8 மில்லிமீட்டர் குண்டு 6.7 மில்லிமீட்டர் குழலில் பிதுங்கிக்கொண்டு வெளியேறியது. உதை சற்று அதிகம் என்பதுதான் சொந்தக்காரருடைய குறையாம்! 1950-களின் கடைசியில் அமெரிக்க இதழில் வந்த இச்செய்தி அந்த எஃகின் வலிமைக்குச் சான்று. அந்த மனிதரின் அறிவுக்குச் சான்றன்று. துப்பாக்கியின் நுட்பங்களை எல்லாம் அறிந்த பால் மௌசரே 1901-இல், தானே தோட்டாவை மாற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றைச் சோதித்தபோது, தாழ் முழுதும் மூடாமல் தோட்டா வெடித்து ஒரு கண்ணை இழந்தார்.

நான்கு சாட்சிகள்

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? துப்பாக்கித் தொழில் வல்லுநர் நான்கு சாட்சிகளை விசாரிக்கிறார்.

முதல் சாட்சி, வெளியே தெரியும் பெயர். இது துப்பாக்கி பிறந்த கதையைச் சொல்லும். வளர்ந்த கதையைச் சொல்லாது.

இரண்டாவது சாட்சி, மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் முத்திரைகள். ஜெர்மனியில் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்பனைக்கு வரும் துப்பாக்கிகளை அரசுச் சோதனைச் சாலைகள் மிகை அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரையிட்டன. மெருகேற்றுபவர் கை படாத குழலின் அடிப்பக்கத்தில் இவை பிழைத்திருக்கும். பல முத்திரைகளுடன் மாதமும் ஆண்டும் இருக்கும்.

மூன்றாவது சாட்சி, ஈயம். எண்ணெயிட்ட குழலில் மென்மையான ஈயக் குண்டு ஒன்றைத் தட்டி மெல்லச் செலுத்தினால், காடிகளின் ஆழம் அதன்மேல் அப்படியே பதிந்துவிடும். மைக்ரோமீட்டரால் அதை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கலாம். மௌசர் குழலில் நான்கு காடிகள். எதிரெதிரே இருப்பதால் அளப்பது எளிது. லீ என்ஃபீல்டு குழல்களில் பெரும்பாலும் ஐந்து காடிகள். ஒரு காடிக்கு எதிரே மேடு நிற்கும். அதற்கு வேறு வகை மைக்ரோமீட்டர் வேண்டும்.

நான்காவது சாட்சியே தலைமைச் சாட்சி: அறையின் வார்ப்பு. முற்காலத்தில் கந்தகத்தை உருக்கி ஊற்றினர். இப்போது பயன்படுவது 'செரோசேஃப்' என்னும் கலப்பு உலோகம். இதில் பிஸ்மத் 42.5 சதவீதம், ஈயம் 37.7, வெள்ளீயம் 11.3, காட்மியம் 8.5. இது 71 முதல் 88 செல்சியஸ் பாகைக்குள் உருகிவிடும், கொதிநீரே போதும். பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும். பிஸ்மத்தோ தண்ணீரைப்போல உறையும்போது விரியும். இதனால் இந்தக் கலவை முதலில் சற்றே சுருங்கி, அறையிலிருந்து எளிதாகக் கழன்று வரும். பின்னர் மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவை அடையும். அளக்க வேண்டிய வேளை அதுவே. நாட்கள் செல்லச் செல்ல அது மேலும் விரிந்து, கால் சதவீதம் வரை பெரிதாகிவிடும்.

இந்த வார்ப்பில் உடல், தோள், கழுத்து, காடிகளின் தொடக்கம் எல்லாம் வெள்ளி வார்த்தாற்போல வந்துவிடும். ஒவ்வொன்றையும் அளந்து, தோட்டா அட்டவணைகளோடு ஒப்பிட வேண்டியதுதான்.

விடை

இப்போது மேசைமீது இருக்கும் நம் துப்பாக்கிக்குத் திரும்புவோம். மரக்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில் கிரீட முத்திரையும் 1922-ஆம் ஆண்டைக் காட்டும் எண்களும் கிடைக்கின்றன. 1916-இல் ராணுவத்துக்காகச் செய்த துப்பாக்கியை 1922-இல் சோதனைச் சாலைக்கு ஏன் கொண்டுபோனார்கள்? இடையில் ஏதோ மாறியிருக்கிறது. ஈயக் குண்டு 8.2 மில்லிமீட்டர் காட்டுகிறது. ஆகவே கூர்முனைக் குண்டுக்கான குழல். கடைசியாக வார்ப்பை அளக்கிறோம். தோள் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னே தள்ளி இருக்கிறது. கழுத்தின் முடிவு 57-இல் இல்லை, 60-இல் இருக்கிறது. விடை கிடைத்துவிட்டது: 8×60, 8.2 மில்லிமீட்டர் குண்டு. 'இதில் என்ன சந்தேகம்?' என்று கேட்டவர் தந்த தோட்டாவைச் சுட்டிருந்தால், 3 மில்லிமீட்டர் வெற்றிடத்தில் பித்தளை கிழிந்திருக்கும்.

விடையோடு ஒரு வரலாறும் கிடைத்தது. போரில் தோற்ற நாடு, அதன்மீது விழுந்த உடன்படிக்கை, அந்தத் தடைக்குள் 3 மில்லிமீட்டர் வழி கண்ட ஒரு தொழிலாளி ஆகிய மூன்றும் அந்தச் சிறிய உலோக வார்ப்பில் பதிந்திருக்கின்றன.

இத்தகைய பழைய துப்பாக்கி யாருக்கேனும் குடும்பச் சொத்தாக வந்து சேர்ந்தால் செய்யத்தக்கது ஒன்றே: ஒரு தோட்டாவையும் அதில் போட்டுப் பார்க்காமல், உரிமம் பெற்ற வல்லுநரிடம் அளக்கக் கொடுப்பது. முத்திரை என்பது ஒருவர் ஒரு காலத்தில் சொன்ன சொல். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பின் வந்தவர் பொருளை மாற்றினார், சொல்லை மாற்றவில்லை. அளவோ இன்று, இந்த நிமிடம், இந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது அளவையே நம்ப வேண்டும்.